பழைய நகர ரயில் பெட்டி: புதுப்பிப்பதா, கண்டம் செய்வதா?

பழைய பெட்டியைப் புதுப்பிப்பதா, கண்டம் செய்வதா (சேவையிலிருந்து நிரந்தரமாக விலக்கி உடைப்பதா) என்று முடிவெடுக்கும்போது, பெட்டிக்கு வயதாகிவிட்டதா என்று கேட்டால் பெரும்பாலும் பதிவேட்டைப் புரட்டித்தான் பதில் வரும். இந்திய ரயில்வேயில் மின்தொடர் பெட்டிக்கு (இஎம்யூ எனப்படும் புறநகர் மின்ரயில் பெட்டி) 25 ஆண்டு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வேறு நாடுகளில் 30, 40 என்று போகும். தேய்மானம் எழுதவும், புதுக் கொள்முதலுக்கு நிதி கேட்கவும் அந்த எண் உதவும். உங்கள் பணிமனையில் நிற்கும் இந்தப் பெட்டி இன்னும் பத்து வருடம் ஓடுமா என்பதை அது சொல்லாது.

நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். பட் நிறுவனம் 1964-65ல் கட்டிய ஆர்32 பெட்டிகளும், 1971-73ல் வந்த ஆர்44 பெட்டிகளும் ஒரே காலத்தில் ஓடிக்கொண்டிருந்தன. புதிய ஆர்160 வண்டிகள் வரவர ஆர்32 எல்லாவற்றையும் அனுப்பிவிடுவது என்று திட்டம். 2009 கடைசியில் ஆர்44ன் சட்டகத்திலேயே பழுது இருப்பது தெரியவந்தது. இளையவையான ஆர்44கள் 2010ல் சுரங்கப்பாதையை விட்டுப் போயின. அவற்றின் இடத்தை நிரப்ப இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்32 பெட்டிகள் தங்கிவிட்டன. கடைசி ஆர்32 நின்றது 2022 ஜனவரியில்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் உடலும் அடிச்சட்டமும், அடுத்து போகி (சக்கரங்களைத் தாங்கும் கீழ்ச்சட்டம்), பிறகு மின்சாதனம், கடைசியில் பணக் கணக்கு. பணக் கணக்கை முதலில் போட்டால், அதில் நீங்கள் எழுதும் “மீதி ஆயுள்” வெறும் ஊகம். அந்த ஒரு எண்தான் முடிவையே புரட்டிப்போடும் என்பதைக் கீழே கணக்கோடு காட்டியிருக்கிறோம்.

எந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது

200 பெட்டிகள் இருந்தால் எட்டையாவது ஆய்வுக்கு எடுங்கள். அவற்றில் இரண்டைத் தரைப்பலகை, உட்சுவர், கூரைப்பலகை எல்லாம் கழற்றி வெறும் கூடாக்க வேண்டும். தேர்வில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எந்தப் பெட்டியை விட்டால் சேவை பாதிக்காதோ அதை ஷெட்டிலிருந்து அனுப்புவார்கள். அது பெரும்பாலும் நல்ல பெட்டியாகவோ, ஏற்கெனவே மூலையில் கிடப்பதாகவோ இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: அதிக கிலோமீட்டர் ஓடியது, மோதலுக்குப் பின் தட்டி நிமிர்த்தியது, கடலோரத்தில் இரவு நிறுத்தப்படுவது, ஒரே பழுதை அடிக்கடி பதிவு செய்தது. மோசமானதைத் திறந்தால்தான் வேலையின் உண்மையான அளவு தெரியும்.

சூழலும் பாதி ஆயுளைத் தீர்மானிக்கிறது. மான்ட்ரியல் மெட்ரோ முழுக்க நிலத்தடியில் ஓடுகிறது. மழையும் பனி உருக்கும் உப்பும் பெட்டியைத் தொடுவதில்லை. 1966ல் வந்த அதன் எம்ஆர்-63 வண்டிகள் 2018 வரை ஓடின. கதவைத் திறந்தபடியே மழையில் ஓடும் புறநகர் வண்டியை அதோடு ஒப்பிட முடியாது.

உடலும் அடிச்சட்டமும்

வாசற்படியிலிருந்து தொடங்குங்கள். அங்கேதான் செருப்போடு தண்ணீர் உள்ளே வருகிறது. கழுவும்போதும் அங்கேதான் தேங்குகிறது. தரைவிரிப்பையும் பலகையையும் தூக்கினால், மேலே பளிச்சென்று இருந்த இடத்துக்குக் கீழே ஊறி நைந்த பலகையும், அடுக்கடுக்காக உரியும் துருவும் இருக்கும். வண்ணத்தைச் சுரண்டிச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே தின்றுபோன தகடு மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் வந்த இடத்தில் அல்ட்ராசானிக் தடிமன் மானியை வைத்து மூலவரைபடத்தின் தடிமனோடு ஒப்பிடுங்கள். இத்தனை சதவீதம் தேய்ந்தால் ஒதுக்கு என்று எல்லா இடத்துக்கும் ஒரே விதி வைக்காதீர்கள். பக்கத் தகட்டில் தாங்கும் தேய்மானம், போகியின் மேல் உட்காரும் குறுக்குச் சட்டத்தில் தாங்காது. அந்தந்த உறுப்பின் சுமைக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாசலுக்கு அடுத்து ஜன்னல் அடிப்பாகம், பக்கத் தூண்களின் கால், பெட்டியின் இரு முனைச் சட்டங்கள், இணைப்பான் பொருந்தும் பகுதி. கதவு, ஜன்னல் திறப்புகளின் நான்கு மூலைகளிலும் சாயம் பூசி விரிசலைக் காட்டும் சோதனை செய்யுங்கள். சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் அசதி விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

நடுப்பகுதி இறங்கியிருக்கிறதா என்றும் அளக்க வேண்டும். பெட்டியைக் கட்டும்போது நடுவில் சற்றே மேல்நோக்கி வளைத்துத்தான் கட்டுவார்கள். காலிப் பெட்டியைச் சமதளத் தண்டவாளத்தில் நிறுத்தி, இரு போகி மையங்களுக்கு இடையே கம்பி கட்டி அளந்தால், அந்த வளைவு மிச்சமிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். காலியாக நிற்கும்போதே நடுவில் தொங்கினால், பக்கச்சுவரும் நீளச் சட்டங்களும் சேர்ந்து பலமிழந்திருக்கின்றன. அத்தகைய பெட்டிக்குப் புது இருக்கையும் குளிர்சாதனமும் போடுவது வீண்.

துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்ப்பலகை சொன்னாலும் நம்பி விட்டுவிடக் கூடாது. மேல்கூடு அப்படியே இருக்கும். அடியில் சாதாரண எஃகில் செய்த முனைச் சட்டமும் குறுக்குச் சட்டமும் அரித்திருக்கும். அலுமினியப் பெட்டியில் எஃகு போல்ட் தொடும் இடங்களையும், பற்றவைப்புகளின் ஓரங்களையும் பாருங்கள்.

மோதலைத் தாங்கும் வலுவும் இங்கேயே பார்க்க வேண்டிய விஷயம். வாஷிங்டன் மெட்ரோவின் “1000” என்ற வரிசைப் பெட்டிகள் 1976ல் சேவை தொடங்கிய காலத்தவை. 2004ல் வுட்லி பார்க் நிலையத்தில் நடந்த மோதலில் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் நுழைந்தது. இவற்றை வலுப்படுத்துங்கள் அல்லது சீக்கிரம் விலக்குங்கள் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது. இரண்டும் நடக்கவில்லை. 2009 ஜூன் 22 அன்று ஃபோர்ட் டாட்டன் அருகே அதே வகைப் பெட்டி முன்னால் நின்ற வண்டியில் மோதி மடங்கியது. 9 பேர் இறந்தார்கள். மோதலுக்குக் காரணம் சிக்னல் கருவியின் கோளாறு. ஆனால் பெட்டி பயணிகளைக் காப்பாற்றவில்லை. அந்த வரிசை முற்றாக விலகியது 2017ல். முனைச் சட்டத்தைப் பின்னாளில் வலுப்படுத்த வழியில்லாத வடிவமைப்பு என்றால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் கண்டம் செய்யும் பட்டியலில் அதை முதலில் வையுங்கள். இதில் பணத்தைக் காட்டிச் சமரசம் பேசக் கூடாது.

போகி

பேச்சுவழக்கில் பெட்டியையே போகி என்பார்கள். இங்கே நாம் சொல்வது சக்கரங்களையும் மோட்டாரையும் தாங்கும் கீழ்ச்சட்டத்தை. வண்ணத்தை முழுவதும் நீக்கிவிட்டுக் காந்தத்துகள் சோதனை (காந்தமேற்றி இரும்புத்துகளைத் தூவி விரிசலைக் காண்பது) செய்யுங்கள். வண்ணத்தின் மேலேயே பார்த்து ஒப்பமிடுவது சோதனையே அல்ல. மோட்டார் தாங்கிகள், பிரேக் தாங்கிகள், அச்சுப்பெட்டி வழிகாட்டிகள் ஆகியவற்றின் பற்றவைப்புகளில்தான் விரிசல் வரும். அச்சுகளை அல்ட்ராசானிக் முறையில் தனியாகச் சோதிக்க வேண்டும். மோட்டாரையும் பற்சக்கரப் பெட்டியையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி எண்ணிட்டுப் பரிசோதியுங்கள். லண்டன் சென்ட்ரல் லைனில் 2003 ஜனவரி 25 அன்று சான்சரி லேன் நிலையத்தில் ஒரு வண்டியின் இழுவை மோட்டார் கழன்று விழுந்து தடம்புரண்டது. அந்த வண்டிகளுக்கு அப்போது பத்து வயதுதான். தடம் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது.

போகி கெட்டால் பெட்டியையும் விட்டுவிட வேண்டியதில்லை. லண்டன் டிஸ்ட்ரிக்ட் லைனின் டி78 வண்டிகளில் சட்டத்தில் விரிசல்கள் வந்ததால் போகிகளையே முழுமையாக மாற்றினார்கள். 2017ல் அவை சேவையிலிருந்து விலகிய பிறகும் அலுமினியக் கூடுகள் நன்றாக இருந்தன. அவற்றில் சிலவற்றுக்குப் புது மின்சாதனம் பொருத்தி, 2021 நவம்பரில் இங்கிலாந்தின் வைட் தீவில் மறுபடி ஓட விட்டார்கள்.

மின்சாதனமும் வயரிங்கும்

மெக்கர் வைத்து மின்காப்புத் தடையை அளப்பது வழக்கம். அதோடு நிற்காதீர்கள். கூரைக்குள்ளிருந்தும் தரைக்கடியிலிருந்தும் ஓரடிக் கேபிளை வெட்டி எடுத்து வளைத்துப் பாருங்கள். உறை வெடித்தால் முழு வயரிங்கும் மாற வேண்டும். உலர்ந்த நாளில் மெக்கர் நல்ல அளவு காட்டியிருந்தாலும் அதிர்வும் ஈரமும் சேர்ந்தால் அது நிற்காது. வயரிங் மாற்றம் ஆட்களின் நேரத்தை விழுங்கும் வேலை. மதிப்பீட்டில் இதை “தேவைப்பட்டால்” என்று எழுதி வைத்தவர்கள் பிறகு திண்டாடுவார்கள்.

அடுத்த கேள்வி உதிரி கிடைக்குமா என்பது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பழைய சாப்பர், தைரிஸ்டர் பலகைகளை இன்று யாரும் வரிசையாகத் தயாரிப்பதில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பலகைகள் செயலிழந்தன, கிடங்கில் எத்தனை மீதம், வருடத்துக்கு எத்தனை தேவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். கிடங்கு காலியாகும் ஆண்டு தெரிந்துவிடும். பல நேரம் துருவுக்கு முன்பே அதுதான் பெட்டியின் கடைசி ஆண்டாக இருக்கும்.

உடலுக்கு 12 ஆண்டுக்கு மேல் உறுதியான ஆயுள் இருந்தால் மட்டுமே மூன்று-கட்ட இழுவைக்கு (இன்வெர்ட்டர் வழியே ஏசி மோட்டாரை ஓட்டும் முறை) மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். மாற்றும்போது கவனிக்கத் தவறுவது சிக்னல். புதிய இன்வெர்ட்டரிலிருந்து தண்டவாளத்தில் திரும்பும் மின்னோட்டத்தில், தடச்சுற்று (தண்டவாளத்தில் மின்சாரம் செலுத்தி வண்டி இருப்பதைக் கண்டறியும் அமைப்பு) வேலை செய்யும் அதே அலைவரிசையில் இரைச்சல் கலந்தால், தடத்தில் வண்டி இருப்பதைச் சிக்னல் தவறாகப் படிக்கலாம். முதல் வண்டியை இரவில், எல்லா வேகத்திலும், ஒரு மோட்டார் துண்டிக்கப்பட்ட நிலையிலும் ஓட்டி அளந்து சிக்னல் துறையின் எழுத்துமூல ஒப்புதல் வாங்காமல் இரண்டாவது வண்டியில் கை வைக்காதீர்கள். அதே தடத்தில் அடுத்த ஐந்தாண்டுக்குள் புது சிக்னல் முறை வருவதாக இருந்தால், அதற்கான கருவியைப் பழைய பெட்டியில் பொருத்தும் செலவையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள்.

உள்ளலங்காரம் ஆயுளைக் கூட்டாது. சிங்கப்பூரின் முதல் தலைமுறை சி151 வண்டிகளுக்கு 2006-08ல் புது இருக்கை, புது முகப்பு எல்லாம் வந்தன. இழுவைச் சாதனம் பழையதுதான். பிறகு 66 வண்டிகளையும் மாற்ற 2018ல் புது வண்டிகள் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். பயணிக்கு வசதி தேவைதான், செய்யுங்கள். ஆனால் அதை ஆயுள் நீட்டிப்பு என்று கோப்பில் எழுதாதீர்கள்.

பணக் கணக்கு

கீழுள்ள தொகைகள் செய்முறைக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். புதுப்பெட்டி 10 கோடி, ஆயுள் 30 ஆண்டு. புதுப்பிக்க 4 கோடி, கிடைப்பது 12 ஆண்டு. வட்டி 8 சதவீதம். வட்டியும் சேர்த்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்தால் வருடாந்திர மூலதனச் சுமை புதியதற்கு சுமார் 89 லட்சம், பழையதற்கு 53 லட்சம். இத்தோடு நிறுத்தினால் பழையது வென்றுவிடும். ஆனால் நூறு பெட்டியில் எத்தனை காலையில் சேவைக்கு வரும்? புதியதில் 92, பழையதில் 80 என்று வையுங்கள். அதைக் கொண்டு வகுத்தால் ஓடும் பெட்டி ஒன்றுக்குப் புதியது 97 லட்சம், பழையது 66 லட்சம். வித்தியாசம் சுமார் 30 லட்சம். பராமரிப்பிலும் மின்சாரத்திலும் பழைய பெட்டி வருடத்துக்கு அதைவிட அதிகம் தின்கிறதா என்பதுதான் கேள்வி. பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பித் தரும் புதுவண்டியோடு ஒப்பிடும்போது மின்கட்டணத்தை மறக்கக் கூடாது.

இப்போது 12 ஆண்டை 6 என்று மாற்றிப் பாருங்கள். அதே 4 கோடிக்கு வருடச் சுமை 87 லட்சம் ஆகிவிடும். ஓடும் பெட்டிக்கு 1 கோடியே 8 லட்சம். புதுப்பெட்டியைவிட அதிகம்! அடிச்சட்டத்தில் செலவிடும் ஆய்வு நாட்கள் இதற்காகத்தான்.

புதுப்பிப்பது என்று முடிவானால்

ஒப்பந்தத்தில் எஃகு வேலைக்கு மொத்தத் தொகை பேசாதீர்கள்; திறந்த பிறகு வேலை கூடியே தீரும். மாற்றும் தகட்டுக்குக் கிலோவுக்கு இவ்வளவு, பற்றவைப்புக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று விலை பேசி, மேல்வரம்பு வையுங்கள். எஃகு மாற்றம் அந்த வரம்பைத் தாண்டும் பெட்டியை அங்கேயே கண்டம் செய்யும் உரிமை உங்களிடம் இருக்கட்டும். முதல் ரேக்கை (சேர்ந்தே ஓடும் முழுப் பெட்டித் தொடரை) ஆறு மாதம் பயணிகளோடு ஓட்டிவிட்டுத்தான் மற்றவற்றை அனுப்ப வேண்டும். முடிந்ததும் எடை போடுங்கள். குளிர்சாதனம், கேமரா என்று கூடும் ஒவ்வொரு டன்னும் அச்சுச் சுமையிலும் பிரேக் தூரத்திலும் தெரியும்.

கால அளவையும் போட்டுப் பாருங்கள். 50 ரேக்குகள், ஒன்றுக்கு 45 நாள், ஒரே நேரத்தில் இரண்டு என்றால் 1,125 நாள். மூன்று வருடத்துக்கும் மேல் இரண்டு ரேக்குகள் சேவையில் இருக்காது. கால அட்டவணை அதைத் தாங்குமா என்று இயக்கத் துறையிடம் முதலிலேயே கேளுங்கள்.

கண்டம் செய்வது என்று முடிவானால்

புதுவண்டி ஆலையிலிருந்து கிளம்பிவிட்டது என்பதற்காகப் பழையதை வெட்டாதீர்கள். அது ஏற்பு ஓட்டத்தில் தேறி, உங்கள் தடத்தில் நம்பகமாக ஓடும் வரை பழையவற்றில் ஒரு பகுதியை ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும். விலக்கும் வரிசை பெட்டி எண்ணைப் பின்பற்றக் கூடாது. ஆய்வில் மோசமாக வந்தது முதலில் போக வேண்டும்.

மீதி ஓடும் பெட்டிகளுக்கான உதிரியைக் கழற்றுவதற்குப் பட்டியல் போட்டே ஆளை அனுப்புங்கள்: சக்கரத்தொகுதி, கம்ப்ரஸர், கதவு இயக்கி, இழுவை மோட்டார், கட்டுப்பாட்டுப் பலகை. ஒவ்வொன்றிலும் எடுத்த பெட்டி எண், ஓடிய கிலோமீட்டர், கடைசிச் சோதனைத் தேதி எழுதிய அட்டை இருக்க வேண்டும். அட்டையில்லாத சக்கரத்தொகுதியைப் பழைய இரும்பு விலைக்குத்தான் கொடுக்க முடியும். பழைய பெட்டிகளின் வெப்பக்காப்பில் கல்நார் இருக்கலாம். பழைய மின்தேக்கிகளிலும் மின்மாற்றி எண்ணெயிலும் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கலாம். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வந்த பிறகே கேஸ் கட்டர் பெட்டியைத் தொட வேண்டும். குளிர்வாயுவை உருளையில் மீட்டெடுங்கள். இந்தப் பணிகளுக்கான செலவு ஏலத்தொகையைவிட அதிகமாகக்கூட வரலாம். ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கில் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.