பழைய பிக்கப்பில் பிக் பிளாக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸ் பக்கம் வார இறுதியில் கூடும் பழைய உதிரிபாகச் சந்தைகளில் இப்போதெல்லாம் இளவட்டம் அதிகம். ஷெவ்ரலேயின் 1972 சி-10 பிக்கப் ஒன்றையோ ஃபோர்டின் எழுபதுகளின் எஃப்-100 பிக்கப் ஒன்றையோ வாங்கிவிட்டு, அதில் பிக் பிளாக் எனப்படும் பெரிய வகை வி-8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் ஒன்றை ஏற்றியே தீருவது என்று வருகிறார்கள். ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் விழுந்து எழுந்த அதே குழியில் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள். ஆயில் அளவு பார்க்க மறப்பது, டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட் போல்ட்டை முறுக்குவது போன்றவற்றை எந்த மெக்கானிக்கும் சொல்லித் தருவார். அவற்றை விட்டுவிடுகிறேன். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களே காசை இழக்கும் இடங்களைப் பற்றித்தான் இது.

400 என்று எழுதியிருந்தால் பிக் பிளாக் என்று நினைப்பது

இன்ஜின் பெயரில் வரும் எண், சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு (கன அங்குலத்தில்). ஷெவ்ரலே பிக்கப்பில் 396 கன அங்குல பிக் பிளாக் 1968-இல் வந்தது. 1970-இல் அதன் போரை (சிலிண்டரின் விட்டத்தை) கொஞ்சம் பெரிதாக்கி 402 ஆக்கினார்கள். பெயரை மட்டும் சில வண்டிகளில் 396 என்றே வைத்தார்கள், சிலவற்றில் 400 என்று ஒட்டினார்கள். அதே 1970-இல் அதே கம்பெனி 400 கன அங்குலத்தில் ஒரு ஸ்மால் பிளாக்கையும் (உருவில் சிறிய வி-8 குடும்பம்) இறக்கியது. பிற்பாடு அதுவும் பிக்கப்புகளுக்குள் வந்தது. இது போதாதென்று ஃபோர்டிடம் ஒரு 400, டாட்ஜிடம் ஒரு 400. டாட்ஜின் 400 உண்மையான பிக் பிளாக். ஃபோர்டின் 400, அதே கம்பெனியின் பிக் பிளாக்கான 460-இன் குடும்பமே இல்லை. ஆனால் கியர்பாக்ஸ் பொருந்தும் பெல் ஹவுசிங் அளவு மட்டும் 460-க்கு உள்ளதுதான். பிற்காலத்தில் 460 ஏற்ற நினைப்பவருக்கு அது ஒரு வசதி.

ஷெவ்ரலே என்றால் வால்வ் கவரைப் பாருங்கள். பழைய ஸ்மால் பிளாக்கில் ஒரு கவருக்கு நாலு போல்ட், பிக் பிளாக்கில் ஏழு. கவர் எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்திருந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் குனியுங்கள். ஸ்மால் பிளாக்கில் நடு இரண்டு போர்ட்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி நெருங்கி நிற்கும். பிக் பிளாக்கில் நாலும் சம இடைவெளியில் இருக்கும். டார்ச் லைட் ஒன்று கையில் இருந்தால் ஒரு நிமிட வேலை இது.

454-க்கு 402-இன் பேலன்சரையும் ஃப்ளெக்ஸ்பிளேட்டையும் மாட்டுவது

என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான்.

ஷெவ்ரலேயின் 396, 402, 427 மூன்றிலும் பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராடுக்கும் ஈடான எதிர்எடை முழுவதும் கிராங்கிலேயே (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டிலேயே) இருக்கும். அதன் முன்முனையில் மாட்டும் பேலன்சரும் பின்முனையில் கியர்பாக்ஸ் பக்கம் மாட்டும் ஃப்ளெக்ஸ்பிளேட்டும் எந்தப் பக்கமும் எடை சாயாத வெறும் வட்டங்கள். 454-இல் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 3.76 அங்குலத்திலிருந்து 4 அங்குலத்துக்கு நீண்டது. அதற்குத் தேவையான எதிர்எடை முழுவதையும் கிராங்கின் மேலேயே வைக்காமல் ஒரு பங்கை முன்னால் பேலன்சரிலும் இன்னொரு பங்கைப் பின்னால் ஃப்ளெக்ஸ்பிளேட்டிலும் வைத்தார்கள். ஆக அந்த இரண்டும் வெறும் துணைப் பாகங்கள் அல்ல, கிராங்கின் உறுப்புகள்.

கொடுமை என்னவென்றால் எழுபதுகளின் 402-இல் இருந்து கழற்றியது 454-இல் அப்படியே உட்காரும். போல்ட் ஓட்டை, பற்களின் எண்ணிக்கை, ஸ்டார்ட்டர் எல்லாம் சரியாக இருக்கும். தப்பு செய்கிறோம் என்று எந்த இரும்பும் நமக்குச் சொல்லாது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் தன் 1972 சி-10-இல் களைத்துப்போன 402-ஐ இறக்கிவிட்டு, ஒரு டன் வண்டியில் இருந்து வந்த 454-ஐ ஏற்றினார். பழைய இன்ஜினுக்குப் போன வருஷம்தான் புது பேலன்சர் வாங்கியிருந்தார். அதை வீணாக்க மனசு வரவில்லை. ஃப்ளெக்ஸ்பிளேட்டும் நல்ல நிலையில் இருந்தது, அதையும் அப்படியே போட்டார். 454-உடன் வந்த இரண்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

ஐடிலிங்கில் லேசான நடுக்கம். பிக் பிளாக் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் பின்பார்வைக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் கலங்கிய உருவம்தான். சக்கரங்களை பேலன்ஸ் செய்தார். டிரைவ் ஷாஃப்டை லேத் கடைக்குக் கொடுத்தார். இன்ஜின் மவுண்ட் மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் பில். கடைசியில் கியர்பாக்ஸின் முன் சீலில் எண்ணெய் ஒழுக ஆரம்பித்த பிறகுதான் என்னிடம் வந்தார்.

"அண்ணா, எல்லா ஓட்டையும் சரியா உட்கார்ந்துச்சே?" என்றார்.

"உட்காரும் தம்பி. அதுதான் தொல்லையே."

அவருக்கு விளங்கியது ஃப்ளெக்ஸ்பிளேட்டைக் கழற்றிக் கீழே வைத்தபோதுதான். பக்கத்தில் என்னிடம் கிடந்த 454-இன் ஃப்ளெக்ஸ்பிளேட்டை வைத்தேன். அதன் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு தடித்த இரும்புத் துண்டு வெல்ட் செய்யப்பட்டிருக்கும், விரலால் தடவினாலே தெரியும். அவருடையதில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. பேலன்சரையும் திருப்பிக் காட்டினேன். 454-உடையதன் பின்பக்கம் ஒரு பாதி கனத்தும் மறுபாதி மெலிந்தும் இருக்கும். ஆயில் பேனைக் கழற்றியபோது மெயின் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. இன்ஜினை மறுபடி முழுக்க இறக்க வேண்டியதாயிற்று. தூக்கிப்போட்ட இரண்டு இரும்பையும் புதிதாக வாங்கியிருந்தால்கூட அந்தச் செலவில் சின்னப் பகுதிதான் ஆகியிருக்கும்.

தலைகீழாகவும் இதே கதைதான். 454-இன் பேலன்சரை 402-இல் மாட்டினாலும் அதே நடுக்கம். முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று என்று கலந்து மாட்டுபவர்களும் உண்டு. இது ஷெவ்ரலேயோடு நிற்பதும் இல்லை. ஃபோர்டின் 460, 1978 வரை உள்ளேயே சமநிலை கொண்டது. 1979-இல் வெளியே எடை வைக்கும் முறைக்கு மாறியது. டாட்ஜின் 440-இல் வார்ப்பிரும்பு கிராங்க் போட்டவற்றுக்கு டார்க் கன்வெர்ட்டரிலேயே (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முன்னால் சுழலும் பாகத்திலேயே) எடை ஒட்டியிருப்பார்கள். அதே 440-இன் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) கிராங்குக்குப் பொதுவாக அது கூடாது. ஷெவ்ரலேயின் ஸ்மால் பிளாக் 400-உம் வெளிச் சமநிலைதான்.

ரீபில்ட் செய்த 454 வாங்கும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. இப்போது கடைகளில் கிடைக்கும் 4 அங்குல கிராங்குகளில் உள்சமநிலை கொண்டவையும் உண்டு. அப்படி ஒன்றை உள்ளே போட்டிருந்தால் கம்பெனி 454-இன் பேலன்சரே தப்பாகிவிடும். எந்தச் சமநிலையில் கட்டினார் என்பதை பில்டரிடம் எழுதி வாங்குங்கள். "எல்லாம் ஸ்டாக்தான்" என்ற வாய்ப்பேச்சு ஆகாது.

பிளாக்கில் 352 என்று வார்த்திருப்பதைப் படித்து முடிவெடுப்பது

ஃபோர்டின் பழைய எஃப்.இ. வி-8 குடும்பத்தில் பல பிளாக்குகளின் முன்முகத்தில் 352 என்ற எண் இருக்கும். உள்ளே 360-ஆகவும் இருக்கலாம், 390-ஆகவும் இருக்கலாம்.

1968 முதல் 1976 வரை எஃப்-வரிசை பிக்கப்பில் வந்த 360-உம் 390-உம் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றே. போர் இரண்டிலும் 4.05 அங்குலம். ஸ்ட்ரோக்தான் வேறு: 360-க்கு 3.50, 390-க்கு 3.78. சந்தையில் 360-களின் எண்ணிக்கையும் விற்பவர் வாயில் வரும் 390-களின் எண்ணிக்கையும் ஒத்தே போகாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெல்லிய மரக்குச்சி ஒன்றை உள்ளே விட்டு, கிராங்கைக் கையால் சுற்றுங்கள். பிஸ்டன் அடியில் இருக்கும்போது ஒரு கோடு, உச்சியில் இருக்கும்போது ஒரு கோடு. குச்சி சாய்வாக நிற்பதால் கொஞ்சம் பிசகும், ஆனாலும் கால் அங்குலத்துக்கு மேல் உள்ள வித்தியாசம் மறையாது. அளக்க விடாத ஆளிடம் 360-இன் விலையை மட்டும் பேசுங்கள். இன்ஜின் மாற்றாத வண்டி என்றால் அடையாள எண்ணின் நான்காவது எழுத்தும் சொல்லும்: ஒய் என்றால் 360, எச் என்றால் 390.

லாரியின் 427-ஐ கார்வெட்டின் 427 என்று வாங்குவது

ஷெவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் வந்த 427 வேறு. ஸ்கூல் பஸ், கனரக லாரிகளில் இருந்து வரும் 366, 427 இரண்டும் டால் டெக் (உயரம் கூடிய) பிளாக்குகள். கிராங்க் மையத்தில் இருந்து மேல்தளம் வரை சாதாரண பிக் பிளாக்கில் 9.8 அங்குலம், இவற்றில் 10.2. அந்த 0.4 அங்குலத்தால் இன்டேக் மேனிஃபோல்ட் பொருந்தாது, டிஸ்ட்ரிபியூட்டர் நீளம் போதாது, பிஸ்டன்கள் நாலு ரிங்குடன் கனத்துக் கிடக்கும். பிளாக் என்னவோ நல்ல உறுதியானதுதான். பெரிய ஸ்ட்ரோக்கர் (ஸ்ட்ரோக்கை நீட்டிக் கொள்ளளவைக் கூட்டிய இன்ஜின்) கட்டுபவர் தேடிப் போய் வாங்குவார். வார இறுதியில் ஏற்றி இறக்கிவிடலாம் என்று நினைப்பவருக்கு அது வேண்டாம்.

பெரிய போர்ட் ஹெட் மோகம்

சுமை இழுக்கும் பிக்கப்புக்குச் செவ்வக போர்ட் ஹெட் (காற்று நுழையும் வழி அகலமான சிலிண்டர் ஹெட்) எதற்கு? அது உயர்ந்த ஆர்.பி.எம்.மில் மூச்சு விடும் ஹெட். சிக்னலில் இருந்து கிளம்பும்போது வண்டி சோம்பிப் போகும். ஷெவ்ரலேயின் 781, 049 என்று முடியும் வார்ப்பு எண் கொண்ட ஓவல் போர்ட் ஹெட்கள் தெருவுக்கும் டிரெய்லருக்கும் தாராளம். விலையும் குறைவு.

1971-ஐயும் 1972-ஐயும் ஒப்பிட்டு ஏமாறுவது

கார்வெட்டின் எல்.எஸ்-5 454-க்கு 1971-இல் 365 குதிரைத்திறன், 1972-இல் 270 என்று போட்டிருக்கும். பெரும்பகுதி வித்தியாசம் அளவிடும் முறையில்தான். முன்பு ஃபேன், ஏர் கிளீனர், வண்டியின் சைலன்சர் எதுவும் இல்லாமல் ஸ்டாண்டில் வைத்து அளந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். எண்ணைப் பார்த்து 1972-ஐ ஒதுக்காதீர்கள்.

ஃபோர்டின் 460-இல் மட்டும் உண்மையாகவே ஒரு சோம்பல் உண்டு. 1972 முதல் கம்ப்ரெஷன் குறைந்ததோடு, டைமிங் கியரிலேயே கேமை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) பின்தள்ளி வைத்தார்கள். 1972-க்கு முந்தைய அமைப்பில் டைமிங் செட் போட்டாலே வண்டி விழித்துக்கொள்ளும்.

புது கேமை ஐடிலிங்கில் விட்டு ரசிப்பது

ஃப்ளாட் டேப்பெட் கேம் (உருளை இல்லாத தட்டை டேப்பெட் உரசி ஓடும் வகை) என்றால் முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஏற்றி இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். இன்றைய கார் ஆயில்களில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் குறைவு, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகக் குறைத்தது. அந்தச் சேர்மானம் கூடுதலாக உள்ள ஆயிலைத் தேடி ஊற்றுங்கள். கேமின் லோப் (வால்வைத் தள்ளும் மேடு) தேய்ந்தால் அந்த இரும்புத்தூள் எல்லா பேரிங்குக்கும் போய்ச் சேரும்.

லில் ரெட் எக்ஸ்பிரஸில் 440 இருந்தது என்று வாதாடுவது

டாட்ஜின் அந்த பிக்கப் வந்த 1978, 1979 இரண்டிலும் 360 ஸ்மால் பிளாக். வாதம் முடிந்தது.

பழைய ரேடியேட்டரையே வைத்துக்கொள்வது

ஆகஸ்ட் மாத வெயில் பதில் சொல்லும்.

ஸ்மால் பிளாக்கின் முன் ஸ்பிரிங்

பிக் பிளாக் ஏற்றினால் மாற்றுங்கள். முன்னால் ஏறத்தாழ நூறு பவுண்ட் கூடுகிறது.

எஃப்.இ. இன்டேக்கைத் தனியாளாகத் தூக்குவது

வார்ப்பிரும்பு, 80 பவுண்ட் பக்கம் வரும். வால்வ் கவரின் அடி வரை நீளும் அமைப்பு என்பதால் நேராகத்தான் இறக்க வேண்டும். குனிந்தபடி, ஃபெண்டருக்கு மேல் கை நீட்டி, காஸ்கெட் நகராமல் வைப்பது முதுகுக்கும் ஆகாது, காஸ்கெட்டுக்கும் ஆகாது. இன்ஜின் இறக்க வாடகைக்கு எடுத்த ஹோய்ஸ்ட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.