வட்டக்கானல் இறக்கத்தில் கையடக்க ஜிபிஎஸ்: எப்படிப் பயன்படுத்துவது

கையடக்க ஜிபிஎஸ் கருவிக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான்: தான் இப்போது எங்கே இருக்கிறோம் என்பது. முன்னால் பாறைச் சரிவு இருக்கிறதா, ஓடையில் தண்ணீர் எவ்வளவு, போன மழையில் தடம் அறுந்துவிட்டதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கருவி மிக நல்ல துணை.

நான் பெரியகுளத்துக்காரன். புதிதாகக் கருவி வாங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் கூட்டிப்போகும் இடம், கொடைக்கானல் வட்டக்கானலில் தொடங்கி டால்பின் நோஸ், வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதை. மேலே சோலைக்காடு, நடுவில் காப்பித் தோட்டம், கீழே வெயிலடிக்கும் புதர்க்காடு என்று ஒரே இறக்கத்தில் எல்லா வகைச் சோதனையும் கிடைத்துவிடும். இந்தப் பக்கம் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போகலாம். வழிகாட்டி கூட வரும்போது ஜிபிஎஸ் எதற்கு என்று கேட்பார்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல நாள் கிடையாது. திரை சொல்வதையும் அவர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே.

என்னிடம் இருப்பது கார்மின் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ். இதன் தம்பி 22எக்ஸ் விலை குறைவு, ஆனால் அதில் மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் இல்லை. திசைகாட்டி இல்லாத கருவி, நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போதுதான் திசையைச் சரியாகக் காட்டும். நின்றுவிட்டால் அம்பு சுற்ற ஆரம்பித்துவிடும். மூடுபனியில் நின்று யோசிக்கும் நேரத்தில்தானே திசை வேண்டும்? அதனால் 32எக்ஸ் போன்றதையே வாங்கச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் வாங்கிவரச் சொல்பவர்கள் கவனியுங்கள். செயற்கைக்கோளில் இருந்து சிக்னலை வாங்க மட்டும் செய்யும் கருவி வேறு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேறு. கார்மின் இன்ரீச் வகை, இரிடியம் என்ற செயற்கைக்கோள் வலையமைப்பு வழியாகச் செய்தி அனுப்புவது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டுக் கைதானவர்கள் உண்டு. பெட்டியின் மேல் ‘எஸ்ஓஎஸ்’ வசதி என்று போட்டிருந்தால் இங்கே கொண்டுவர வேண்டாம்.

பாதி வேலை வீட்டில்

முதலில் வரைபடம். கருவியோடு வரும் உலக வரைபடத்தில் நம் மலைப் பாதைகளைத் தேடினால் கிடைக்காது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இருந்து கார்மின் கருவிக்கென்று செய்த இலவச வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன. சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ளதாகப் பார்த்து இறக்கி, மெமரி கார்டில் ‘கார்மின்’ என்ற கோப்புறைக்குள் போடுங்கள். போட்டதும் வேலை முடிந்தது என்று விடாமல், கருவியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடம் செங்குத்து, விலகி இருக்கும் இடம் சமதளம். வெள்ளகவிக்கு மேலே கோடுகள் எப்படி நெருங்குகின்றன என்பதை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து ‘பொசிஷன் ஃபார்மட்’. அதிகம் பேர் கவனிக்காதது இது. ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம்: 10.20833 டிகிரி, 10 டிகிரி 12.500 நிமிடம், 10 டிகிரி 12 நிமிடம் 30 விநாடி. மூன்றும் ஒரே அட்சரேகைதான். இப்போது நண்பர் ஒருவர் 12.500 நிமிடம் என்று அனுப்பியதை நீங்கள் 12 நிமிடம் 50 விநாடி என்று கருவியில் ஏற்றினால் என்ன ஆகும்? 20 விநாடி வித்தியாசம். ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 31 மீட்டர் என்பதால் வடக்கே 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். மலையில் அது வேறொரு பள்ளத்தாக்கு. ஆகவே குழுவில் எல்லோரும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். கார்மின் கருவிகளில் முதலிலேயே இருக்கும் டிகிரி, தசம நிமிடம் என்ற வடிவம் போதும், மாற்ற வேண்டியதில்லை.

அதே பக்கத்தில் ‘மேப் டேட்டம்’ என்று ஒன்று இருக்கும். இடத்தின் எண்களைக் கணக்கிட வைத்துக்கொள்ளும் அடிப்படை அது. டபிள்யூஜிஎஸ் 84 என்றே இருக்கட்டும். கையில் பழைய சர்வே ஆஃப் இந்தியா தாள் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும் (கொடைக்கானல் 58 எஃப்/8 தாளில் வரும்). அந்தப் பழைய தாள்கள் எவரெஸ்ட் 1830 என்ற வேறு அடிப்படையில் வரையப்பட்டவை. கருவி காட்டும் எண்ணை அப்படியே அதில் குறித்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். புதிய ஓப்பன் சீரிஸ் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-லேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. தாளைக் கொண்டுபோவதை விட்டுவிடாதீர்கள். சின்னத் திரையில் முழு மலையையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது.

ட்ராக், அதாவது நீங்கள் நடந்த வழியைக் கருவி கோடாகப் பதிவது, ஓடிக்கொண்டிருக்கிறதா, வரைபடத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ‘லாக் ஆன் ரோடு’ என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். அது கார் ஓட்டுபவர்களுக்கானது. காட்டில் அது உங்கள் இடத்தைப் பக்கத்துச் சாலைக்கு இழுத்துக்கொண்டு போய் ஒட்டும். செயற்கைக்கோள் அமைப்பில் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் க்ளோனாஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், சோலைக்குள் அதற்குப் பலன் உண்டு. ‘வாஸ்’ என்பதையும் போட்டு வையுங்கள், நம் நாட்டின் ககன் திருத்தச் சிக்னல் அதன் வழியாகத்தான் வரும்.

பேட்டரி: இரண்டு ஏஏ. ரீசார்ஜ் வகைதான் என் வழக்கம். எந்த வகை போடுகிறீர்களோ அதைக் கருவியில் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் அளவுக்கோடு பொய் சொல்லும். மாற்று ஜோடி ஒன்று பிளாஸ்டிக் பையில்.

புதுக் கருவியையும், மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததையும் முந்தைய நாளே மொட்டை மாடியில் கால் மணி நேரம் ஆன் செய்து வையுங்கள். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான அட்டவணையும் சிக்னல் வழியாக முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். அதை வானம் திறந்த இடத்தில் முடித்துக்கொண்டால், மறுநாள் மரத்தடியில் காத்திருக்க வேண்டாம்.

தொடங்கும் இடத்தில்

வட்டக்கானலில் வண்டியை விட்டு இறங்கியதும் கருவியை ஆன் செய்து, செயற்கைக்கோள் பக்கத்தில் துல்லிய எண்ணைப் பாருங்கள். 3, 5 மீட்டர் என்று வரும் வரை நகர வேண்டாம். பிறகு பழைய ட்ராக்கைச் சேமித்துவிட்டுத் துடைத்து, பூஜ்யத்தில் இருந்து தொடங்குங்கள். கருவியின் குமிழை அழுத்திப் பிடித்தால் நிற்கும் இடம் வேபாயிண்ட்டாகப் பதியும். பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக, பார்த்ததும் புரிகிற மாதிரி வையுங்கள். 001, 002 என்று விட்டுவிட்டால் மாலையில் எது ஓடை, எது பிரிவு என்று யாருக்கும் தெரியாது.

திசைகாட்டியை இங்கேயே அளவீடு செய்துவிடுங்கள். திரை சொல்கிறபடி மெதுவாகச் சுழற்ற வேண்டும், வண்டியில் இருந்து தள்ளி நின்று. பேட்டரி மாற்றும்போதெல்லாம் இதை மறுபடி செய்ய வேண்டும். நம் பக்கத்தில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் 2 டிகிரிக்குள்தான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உயரமானிக்கு ஒரு நல்ல வழி சொல்கிறேன். ரயிலில் வருகிறவர்கள் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்குவீர்கள். நடைமேடையின் கோடியில் நிற்கும் மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்தில் இருந்து உயரம் எழுதியிருக்கும். அந்த எண்ணைக் கருவியில் கொடுங்கள். ஆனால் காற்றழுத்தம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. வானிலை மாறினால் உயரமும் மாறிக் காட்டும். அதனால் மேலே போனதும், வரைபடத்தில் உயரம் தெரிந்த ஓரிடத்தில் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு சிரமம்? இறங்கு பாதையில் உயரம் ஒன்றே உங்கள் இடத்தைச் சொல்லிவிடும். அடர்ந்த சோலைக்குள் ஜிபிஎஸ் புள்ளி 15, 20 மீட்டர் தடுமாறும்போது உயரமானி அமைதியாக 1,640 மீட்டர் என்று காட்டும். உங்கள் பாதை அந்தச் சமஉயரக் கோட்டை எங்கே வெட்டுகிறது என்று தாளில் பாருங்கள், அங்கேதான் நிற்கிறீர்கள்.

நடக்கும்போது

கருவியைக் கால்சட்டைப் பையில் போட வேண்டாம். ஈட்ரெக்ஸின் ஆண்டெனா தட்டையானது, திரை வானத்தைப் பார்த்து இருந்தால்தான் நன்றாக வாங்கும். முதுகுப்பையின் தோள்பட்டையில் மேலே மாட்டிக்கொள்வது நல்லது. குச்சி மாதிரி ஆண்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ்மேப் வகையை மட்டும் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும்.

இப்போது பிரிவுகள். காப்பித் தோட்டத்துக்குள் ஓர் இடத்தில் தடம் இரண்டாகப் பிரியும், இரண்டும் ஒரே அகலம். பத்து மீட்டர் பிழை உள்ள கருவி, மூன்று மீட்டர் இடைவெளியில் ஓடும் இரண்டு தடங்களில் எது உங்களுடையது என்று அந்த இடத்திலேயே சொல்ல முடியாது. புதியவர்கள் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், பயனில்லை. செய்ய வேண்டியது இதுதான்: பிரிவை வேபாயிண்ட்டாகக் குறியுங்கள். ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்து ஐம்பது, நூறு அடி வையுங்கள். பிறகு திரையில் உங்கள் ட்ராக் கோடு, ஏற்றி வைத்திருந்த வரைபடத்தில் உள்ள பாதைக் கோட்டோடு ஒட்டிப் போகிறதா, விலகுகிறதா என்று பாருங்கள். விலகினால் பிரிவுக்குத் திரும்பி வாருங்கள். குறுக்கே வெட்டி அடுத்த தடத்துக்குத் தாவ வேண்டாம்.

கண்ணையும் பயன்படுத்துங்கள். வெள்ளகவி அண்ணன் ஒருவர் என்னோடு நடந்தபோது அந்தப் பிரிவில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, மேல ஏறுறது காட்டுமாட்டுத் தடம். மனுசன் தடம்னா கிளை நெஞ்சு உயரத்துல ஒடிஞ்சிருக்கும், கல்லு தேஞ்சிருக்கும்.” பாதையில் பதித்த கற்கள் பாதம் பட்டு வழவழப்பாக இருந்தன, மேல் தடத்தில் குளம்படி மட்டும். அன்றிலிருந்து பிரிவில் முதலில் தரையைப் பார்ப்பேன், பிறகுதான் திரை. (அந்த ஊருக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ச் சாமிக்கான மரியாதை அது.)

எங்கெல்லாம் குறிக்கலாம்? பிரிவு, ஓடை கடக்கும் இடம், தண்ணீர் கிடைக்கும் இடம், பாதை சட்டென்று திரும்பும் இடம். இவை போதும். அழகான காட்சியை எல்லாம் குறித்தால் திரை குறிகளால் மூடிப்போகும்.

பனி இறங்கினால், திரும்ப நேர்ந்தால்

வட்டக்கானலில் மதியத்துக்கு மேல் பனி ஏறி வந்துவிடும். எதிரே நிற்கும் ஆள் தெரியாது. அப்போது கை தானாக ‘வேர் டு’ போய்த் தொடங்கிய இடத்தைத் தேர்ந்தெடுத்து ‘கோ’ அழுத்தும். அம்பு நேராகக் காட்டும், தூரம் 900 மீட்டர் என்று போடும். அந்த 900 மீட்டர் வானத்தில் போகும் நேர்கோடு. நடுவில் டால்பின் நோஸ் மாதிரி ஒரு பாறை விளிம்பு இருந்தாலும் அம்பு அதே பக்கம்தான் காட்டும். மலையில் ‘கோ’வை நம்பிக் கால் வைக்கவே கூடாது. அது எந்தப் பக்கம், ஏறக்குறைய எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள மட்டும்.

திரும்பி வர ‘ட்ராக்பேக்’ இருக்கிறது. ட்ராக் மேனேஜரில் நடப்பு ட்ராக்கைத் திறந்து, வரைபடத்தில் பார்த்து, ட்ராக்பேக் கொடுத்தால் நீங்கள் நடந்து வந்த அதே வளைவுகளில் திருப்பிக் கூட்டிப்போகும். உங்கள் கால் ஏற்கெனவே பட்ட வழி என்பதால் அதில் நடக்க முடியும் என்பது உறுதி. இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு முழுவதும் இந்த ஒரு வசதிக்கே தகும். வழி சரியாக இருக்கும்போதே, பாதையின் தொடக்கத்தில் ஒருமுறை செய்து பழகிவிடுங்கள்.

கருவியில் சூரிய அஸ்தமன நேரத்தையும் பார்க்கலாம். கருவி போடும் ‘சேரும் நேரம்’ இப்போதைய வேகத்தை வைத்துக் கணக்கிடுவது. இறங்கி வந்த அதே தூரத்தை ஏற நேரம் கூடுதலாக ஆகும் என்பது அதற்குத் தெரியாது. திரும்பும் நேரத்தை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

யாருக்காவது அடிபட்டால் 112. கருவியால் பேச முடியாது, போனுக்குச் சிக்னல் கிடைக்கும் முகட்டுக்கு ஒருவர் போக வேண்டியிருக்கும். அவரிடம் அடிபட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். போனில் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: “வடக்கு, பத்து டிகிரி, ஒன்று இரண்டு புள்ளி ஐந்து பூஜ்யம் பூஜ்யம் நிமிடம்.” புள்ளியை விட்டுவிடாமல் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கூடவே பக்கத்தில் இருக்கும் ஓடை, எஸ்டேட், கோயில் பெயரையும் சொல்லுங்கள். முதலில் வந்து சேரப்போவது ஊர்க்காரர்களும் வனக்காவலர்களும், அவர்களுக்கு எண்ணைவிட அந்தப் பெயர் வேகமாகப் பிடிபடும்.

கும்பக்கரையில் இறங்கியதும், பஸ் ஏறும் முன்பே ட்ராக்கை நிறுத்திச் சேமித்துவிடுங்கள். இல்லையென்றால் பெரியகுளம் வரை நீங்கள் மணிக்கு 40 கிலோமீட்டரில் நடந்ததாகப் பதிவாகும். வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றி, பிரிவுகளின் பெயரைத் திருத்தி வைத்தால் அடுத்த முறைக்கு உதவும். அந்தக் கோப்பைப் பொதுவில் போடுவதற்கு முன் யோசியுங்கள். அனுமதி இல்லாமல் யாரோ ஒரு பையன் அதை மட்டும் நம்பி இறங்கிவிடக் கூடும். அப்புறம், அடுத்த நடை மாதங்கள் தள்ளி என்றால் பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். உள்ளேயே கசிந்துவிட்டால் தகடு அரித்துவிடும்.