ஆல்டிமீட்டரில் வைத்த கையை எடுக்காதீர்கள்

விமானி லைசென்ஸ் வாங்கிவிட்டு, குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் வகுப்புக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு வருவார்கள். கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர் என்று பல ஊர்ப் பிள்ளைகள். சுவரில் ஏடிஆர் விமானத்தின் காக்பிட் போஸ்டர், எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. புறப்பாடு முதல் தரையிறக்கம்வரை கையையும் வாயையும் அங்கே பழக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ரேடியோவில் திக்குவது, டாக்ஸிவேயில் தடுமாறுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு கேப்டன் திட்டித் திருத்திவிடுவார். உயரத்தைத் தவறவிடுவது அப்படியல்ல. செய்தவருக்கே தெரியாமல் நடக்கும்.

பத்தாயிரமா, பதினோராயிரமா?

'ஒன் ஸீரோ தௌசண்ட்', 'ஒன் ஒன் தௌசண்ட்'. இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்ப நாசா 1976-ல் தொடங்கிய திட்டத்தில் இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கையைக் கேட்காதீர்கள், கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்கள். நீங்கள் "பத்துதானே சார்?" என்று கேட்டால் அவர் "ஆமாம், பத்து" என்றுதான் சொல்வார்.

1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தானின் இல்யூஷின்-76 அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடியில் இருந்த சவூதி 747-உடன் மோதியது. 349 பேர் இறந்தார்கள். இல்யூஷினில் கட்டுப்பாட்டு அறையோடு பேசியவர் ரேடியோ ஆபரேட்டர். அவர் முன்னால் ஆல்டிமீட்டர், அதாவது காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் மீட்டர், கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டித்தான் பார்க்க வேண்டும். உயரத்தைக் காதில் வாங்கியவர் ஒருவர், அதைப் பிடித்து நிறுத்த வேண்டியவர் இன்னொருவர்.

பாதியில் விட்ட வேலை

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்.

மேலே பறக்கும்போது எல்லா விமானங்களும் ஆல்டிமீட்டரை 1013 ஹெக்டோபாஸ்கலில் வைத்திருக்கும். கீழே இறங்கும்போது 'டிரான்சிஷன்' எனப்படும் குறிப்பிட்ட மட்டத்தில் அதை அந்த ஊரின் அன்றைய காற்றழுத்தத்துக்கு, அதாவது க்யூஎன்எச்சுக்கு, மாற்ற வேண்டும். ஒரு குமிழைத் திருப்பும் வேலை. சில நொடிகூட ஆகாது. அந்தச் சில நொடிக்குள்தான் கேபினிலிருந்து மணி அடிக்கும், கட்டுப்பாட்டு அறை புது திசை கொடுக்கும், யாராவது "மேகத்தைப் பாருங்க சார்" என்பார்கள்.

மாடியில் நான் இதை வேண்டுமென்றே செய்வேன். பையன் "டிரான்சிஷன்" என்று சொல்லிக் குமிழை நோக்கிக் கையைக் கொண்டுபோகும் நேரம் பார்த்து, "தம்பி, டீக்குச் சர்க்கரை எவ்வளவு?" என்பேன். கை நின்றுவிடும். பதில் சொல்வான். பிறகு நேராகச் செக்லிஸ்டுக்குப் போய் "ஆல்டிமீட்டர், செட்" என்பான். கேட்டால், "திருப்பினேன் சார்" என்று சத்தியம் செய்வான். பொய் சொல்லவில்லை. செய்யப் போகிறோம் என்று மனம் முடிவெடுத்ததையே செய்து முடித்ததாக எழுதி வைத்துக்கொள்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்கு வந்தபின் பூட்டினோமா என்று சந்தேகமாவது வரும். இங்கே அதுகூட வராது. ஏனென்றால் அதற்குள் அடுத்த வேலை வந்துவிட்டது.

இந்த மறதிக்கு எவ்வளவு விலை என்று கேட்பீர்கள். தரைமட்டத்துக்கு அருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 27 அடி. நம் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வு மண்டலம் வந்து நின்றால் அழுத்தம் 1003-க்கு இறங்குவது பெரிய விஷயமில்லை. அன்று 1013-லேயே விட்டுவிட்டால் ஆல்டிமீட்டர் 270 அடி கூட்டிக் காட்டும். மீட்டரில் 1,500 அடி; விமானம் இருப்பதோ 1,230-ல். 2011-ல் தானே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது, 2024-ல் பெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தது, இரண்டையும் பார்த்த பிள்ளைகள் இவர்கள். அந்த மாதிரி நாளில் யாரும் விமானத்தை இறக்கப் போவதில்லை, சரி. ஆனால் கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிய நாளில் எல்லா விமானமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். துறைமுகத்தில் கூண்டு ஏறினால் காக்பிட்டில் என்ன மாறும் என்று கேட்டால் "காற்று சார், மழை சார்" என்கிறார்கள். ஒருவர்கூட ஆல்டிமீட்டர் என்று சொல்வதில்லை.

"ரெண்டு மீட்டரையும் ஒப்பிடுவோமே சார்" என்பார்கள். ஒன்று தவறாக இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். இரண்டும் ஒரே தவறில் இருந்தால் இரண்டும் அழகாக ஒத்துப்போகும். 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் 1001 என்று சொல்ல வேண்டிய கட்டுப்பாட்டு அறை 1011 என்று சொல்லிவிட்டது. ஏ320 விமானிகள் சொன்னபடியே வைத்தார்கள், மீட்டர்கள் ஒத்துப்போயின. மழையில் இறங்கிய விமானம் ஓடுதளத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே தரையிலிருந்து 6 அடி உயரம்வரை வந்து, மேலே ஏறித் தப்பியது. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி வாயே திறக்கவில்லை.

ஆகவே, குமிழைத் தொட்டபின் குறுக்கீடு வந்தால் "ஸ்டாண்ட்பை" சொல்லுங்கள். கேபினுக்கும் சொல்லலாம், கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய அழைப்பென்றால் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும். கை எடுத்துவிட்டீர்களா? விட்ட இடத்தைத் தேடாதீர்கள், அந்த வேலையை முதலிலிருந்து செய்யுங்கள். செக்லிஸ்டில் "செட்" என்று மட்டும் சொல்லும் பழக்கத்தை விட்டு, மீட்டரைப் பார்த்து எண்ணை வாசியுங்கள். 1003 என்று வாய் சொல்ல வேண்டுமானால் கண் அங்கே போயாக வேண்டும். கடைசியாக, நம் கடற்கரை தட்டை. ரேடியோ அலையால் தரையிலிருந்து உயரத்தை நேராக அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 2,500 அடியில் விழித்துக்கொள்ளும் நேரத்தில் பெரிய மீட்டர் என்ன சொல்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். இரண்டுக்கும் சில நூறு அடி வித்தியாசம் வந்து, காரணம் புரியாவிட்டால் இறக்கத்தை நிறுத்துங்கள்.

இரண்டு தலையும் ஒரே பல்பில்

1972 டிசம்பர் 29, மயாமி. முன்சக்கர விளக்கு எரியவில்லை என்று காக்பிட்டில் எல்லோரும் அதையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். 2,000 அடியில் பிடித்து வைத்திருந்த ஆட்டோபைலட் நழுவியதை யாரும் கவனிக்கவில்லை. உயரம் மாறியதற்கான மணிகூட அடித்தது. விமானம் சதுப்பில் போய் விழுந்தது. பழுது பார்ப்பவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர். அதை வாய்விட்டுச் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோபைலட்டில் எண்ணைப் போட்டால் போதும் என்ற நம்பிக்கை

போதாது. அந்த எண்ணைச் சாய்வாக எடுக்கிறதா, இறங்கும் வேகமாக எடுக்கிறதா, எந்த மோடில் இருக்கிறது என்று திரையில் படியுங்கள். 1992-ல் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே மலையில் மோதிய ஏ320-ல் 3.3 டிகிரி சாய்வு என்று நினைத்துப் போட்ட 33, நிமிடத்துக்கு 3,300 அடி இறக்கமாகிவிட்டது என்பதே பெரும்பாலும் ஏற்கப்பட்ட விளக்கம். 87 பேர்.

அரட்டை

பத்தாயிரம் அடிக்குக் கீழே வேண்டாம். 1981-லிருந்து அமெரிக்காவில் அது சட்டம்.

லேப்டாப்

பையில் இருக்கட்டும்.