புதிய தலைமுறைச் செயலி எவ்வளவு வேகம் தரும்? வாங்கும் முன்பே கணிக்கும் முறை

புதிய டெஸ்க்டாப் செயலி, அதாவது கணினியின் கணக்குகளைச் செய்யும் புராசசர் சில்லு, அறிவிக்கப்படும்போது நிறுவனம் சொல்லும் சதவீதம், நம் மேசையில் அதே அளவில் கிடைப்பதில்லை. எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சிறிய கணக்கொன்றால் நாமே கண்டறியலாம்.

முதலில், உங்கள் கணினி எந்த வேலையில் உங்களைக் காக்க வைக்கிறது என்று பாருங்கள். விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு நூறு சதவீதத்தை ஒட்டி நின்றால், செயலியை மாற்றுவதால் பெரிய பயன் இராது; அத்துடன் கணக்கை நிறுத்திவிடலாம்.

இரண்டாவதாக, அறிவிப்பைப் பிரித்துப் படியுங்கள். ஒரு கோரின், அதாவது செயலிக்குள் தனித்து இயங்கும் ஒரு கணக்கிடும் பகுதியின், வேகம் என்பது, ஒரு கடிகாரத் துடிப்பில் அது முடிக்கும் கட்டளைகளின் எண்ணிக்கையை, அதாவது ஐபிசியை, நொடிக்கு நிகழும் துடிப்புகளால் பெருக்கிய அளவு. 2024 ஜூனில் செயலி நிறுவனமான ஏஎம்டி, தன் ஜென் 5 தலைமுறைக் கட்டமைப்பின் ஐபிசி முந்தைய தலைமுறையைவிட சராசரியாக 16% உயர்ந்ததாக அறிவித்தது. முந்தைய தலைமுறைச் செயலியான ரைசன் 7 7700எக்ஸின் உச்சத் துடிப்பு வேகம் 5.4 கிகாஹெர்ட்ஸ், ஜென் 5 செயலியான 9700எக்ஸுக்கு 5.5. இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் ஏறத்தாழ 18% வருகிறது. ஆனால் அந்தச் சராசரிக்குள் 10% மட்டுமே உயர்ந்த விளையாட்டும் இருந்தது, 35% உயர்ந்த மறையாக்கச் சோதனையும் இருந்தது. உங்கள் வேலை எதனை ஒத்ததோ அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியை நம்பிப் பணம் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவதாக, மின்வரம்பைப் பாருங்கள். 7700எக்ஸுக்கு 105 வாட் என்றிருந்த அளவு 9700எக்ஸில் 65 வாட்டாகக் குறைந்தது. எல்லாக் கோர்களும் ஒருசேர உழைக்கும் வேலைகளில் இந்த வரம்பு துடிப்பைக் கட்டுப்படுத்துவதால், மேலே கண்ட 18% அங்கே சுருங்கிவிடும்.

விளையாட்டுக்கென்றால், செயலிக்குள்ளேயே இருக்கும் அதிவேகச் சிறு நினைவகமான கேச்சையும் கவனியுங்கள். 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, 5800எக்ஸைவிடக் குறைந்த துடிப்பு கொண்டது. எனினும் 96 எம்பி எல்3 கேச் இருந்ததால் பல விளையாட்டுகளில் அதை முந்தியது.

இறுதியாக, கிடைத்த சதவீதத்தை நேரமாக மாற்றுங்கள். பத்து நிமிட வேலையில் செயலிக்காகக் காத்திருப்பது ஆறு நிமிடம் என்றால், 18% வேக உயர்வு மிச்சப்படுத்துவது சுமார் 55 நொடி. அந்த வேலையை ஒரு நாளில் எத்தனை முறை செய்கிறீர்களோ, அத்தனை மடங்கு அதைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.