மாமா கடை மென்பொருளை இறக்க ஒரு வழி கிடைத்தது

மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு ஸ்டாக் பார்க்கும் சின்ன மென்பொருள் ஒன்றை நானே எழுதிக் கொடுத்தேன். ஏதாவது திருத்திப் புது பதிப்பு அனுப்பினால் போதும், கணினியோடு வந்த உலாவி அதை இறக்கவே விடாது. "மாப்ள, மறுபடியும் சிவப்பா வருதுடா, வைரஸாங்குது!" என்று போன் வரும். கவுண்டரில் ஆட்கள் நிற்பார்கள். எனக்கு மனசே ஆறாது.

காரணம் எளிது. ஒரு கோப்பை நம்பலாமா என்று பார்க்க, எத்தனை பேர் அதை இறக்கினார்கள் என்பதையும் அந்த உலாவி கணக்கில் எடுக்கிறது. டிஜிட்டல் கையொப்பம் (யார் உருவாக்கியது என்று காட்டும் மின்னணு முத்திரை) இல்லாத கோப்பு, ஒரு வரி மாறினாலும் உலாவிக்குப் புதுக் கோப்புதான். நற்பெயர் மறுபடி பூஜ்யம்!

அதனால் கடைக் கணினியில் பயர்பாக்ஸ் என்ற வேறு உலாவியைப் போட்டேன். 2004-லிருந்து வருவது, தமிழிலும் கிடைக்கிறது, மாமாவுக்கு அது பெரிய நிம்மதி. அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு பகுதிக்குப் போய், அரிதான மென்பொருளுக்கு எச்சரிக்கும் டிக்கை மட்டும் எடுத்தேன். ஏமாற்றுத் தளங்களையும் ஆபத்தான பதிவிறக்கங்களையும் தடுக்கும் டிக்குகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். அந்தக் கணினியில்தான் மாமா வங்கிக் கணக்கும் பார்க்கிறார். புக்மார்க்குகளை இறக்குமதி செய்து, இதையே இயல்பு உலாவியாக மாற்றினேன்.

நிறுவும்போது கணினி இன்னும் ஒருமுறை கேட்கத்தான் செய்கிறது. அது இருக்கட்டும். போன வாரம் அனுப்பிய பதிப்பை மாமா தானே இறக்கிப் போட்டுக்கொண்டார்.