முதலில் ஜமுக்காளத்தை விரியுங்கள்

சிறுவர் புத்தகம் எழுதி, அச்சாகி, பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, இனி இதைக் குடும்பங்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்று முழிக்கிறவர்களுக்காக இது. நான் இருப்பது மதுரை, அதனால் சொல்வதெல்லாம் இந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது புத்தகத் திருவிழாதான். இங்கே தமுக்கம் மைதானத்தில் நடக்கும்போது கூட்டம் அள்ளும், பள்ளிக்கூட வேன்களில் பிள்ளைகள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாக அரங்கு எடுத்தால் வாடகை கையைக் கடிக்கும். உங்கள் பதிப்பகத்தின் அரங்கிலேயே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் நிற்க இடம் கேளுங்கள், போதும். அங்கே பத்து சதவீதத் தள்ளுபடி வழக்கம், கேட்காமலேயே கொடுத்துவிடுங்கள்.

நான் அதைவிட நம்புவது சின்ன இடங்களை. தெருப் பொங்கல் விளையாட்டுப் போட்டி, அடுக்குமாடிக் குடியிருப்பில் வைக்கும் கொலு, கிளை நூலகம். நவம்பர் 14 குழந்தைகள் தினம், அன்று தொடங்கி 20 வரை நூலக வாரம். வாசகர் வட்டம் நன்றாக நடக்கிற நூலகமாக இருந்தால் அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நிகழ்ச்சி வைப்பார்கள். அக்டோபர் தொடக்கத்திலேயே நூலகரை நேரில் போய்ப் பார்த்து, ஒரு பிரதியைக் கையில் கொடுத்து, "அரை மணி நேரம் கதை சொல்கிறேன், பணம் எதுவும் வேண்டாம்" என்று சொல்லுங்கள். 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, ஆனால் அவ்வளவு பெரிய இடத்துக்குப் போகும் முன் நாலு தெருவில் சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது. கோயில் திருவிழா மட்டும் வேண்டாம். குழாய் ஸ்பீக்கருக்கு முன்னால் எந்தக் கதையும் நிற்காது.

நேரம் கேட்டு வாங்குவதில் கவனமாக இருங்கள். ஒரு பொங்கலுக்கு எங்கள் பக்கத்துத் தெருவில் எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம் முடிந்ததும் கதை என்று சொல்லியிருந்தார்கள். நானும் குரலை ஏற்றி இறக்கி ஆரம்பித்து, யானை கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் இடத்துக்கு வந்தபோது மைக்கில் "பரிசு வாங்கறவங்க மேடைக்கு வாங்க" என்றார்கள். அவ்வளவுதான், அரை நிமிடத்தில் ஜமுக்காளத்தில் நானும் ஒரு கைக்குழந்தையும் மட்டும். எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு எந்த யானையாலும் போட்டி போட முடியாது. அப்புறம் எங்கே போனாலும், போட்டிகள் தொடங்குவதற்கு முன்னால், பிள்ளைகள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தைத்தான் கேட்கிறேன்.

மேசையும் நாற்காலியும் போட்டு உட்கார்ந்தால் ஏதோ ரேஷன் கடையில் பில் போடுகிறவர் மாதிரி இருக்கும். ஜமுக்காளத்தை விரித்துக் கீழே உட்காருங்கள். இருபது பிள்ளைகள் வரைக்கும் மைக் வேண்டாம். புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் படத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே சொல்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்ப்பதைவிட அவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும். திரும்பத் திரும்ப வரும் ஒரு சத்தமோ வரியோ இருந்தால் மூன்றாவது முறை வரும்போது நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள், அவர்களே சொல்வார்கள்.

கதையைப் பாதியில் நிறுத்தி "மீதி புத்தகத்தில்" என்று சொல்லச் சொல்லி எனக்கு நிறைய பேர் யோசனை தந்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது பெரியவர்களிடம் செல்லுபடியாகும். பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான் வேண்டும். ராத்திரி சோறு ஊட்டும்போது நேற்றுச் சொன்ன அதே காக்காக் கதையை ஒரு சொல் மாறாமல் கேட்கிற பிள்ளையை நீங்கள் பார்த்ததில்லையா? முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு, புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அதற்கென்றே இரண்டு பழைய பிரதிகள் வைத்திருங்கள். பஜ்ஜி எண்ணெய் படும், ஓரம் கிழியும், கவலைப்படாதீர்கள்.

பெற்றோரிடம் பேசுவது தனிக் கலை. அதிகம் வரும் கேள்வி, "இவன் இங்கிலீஷ் மீடியம் சார், தமிழ் படிக்க வராது, இங்கிலீஷ்ல இருக்கா?" இந்த இடத்தில் பல எழுத்தாளர்கள் தாய்மொழியைப் பற்றிப் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள், அந்த அம்மா ஏற்கெனவே கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்லியிருப்பார், இதைக் கேட்டதும் நகர்ந்துவிடுவார். நான் சொல்வது ஒன்றுதான்: "அவன் படிக்க வேண்டாம்மா, நீங்க படிங்க, அவன் படம் பாக்கட்டும்." சொல்லிவிட்டு முதல் பக்கத்தை விரித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். அவர் முணுமுணுவென்று வாசிக்கத் தொடங்குவார், பையன் தோள் வழியாக எட்டிப் பார்ப்பான். வாங்குவதும் வாங்காததும் அப்புறம்.

இன்னொன்று விலை. "இருபத்தி நாலு பக்கத்துக்கு நூறு ரூவாயா?" என்று அப்பத்தாக்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான், சுருக்குப் பை அவர்களிடம்தான் இருக்கிறது. ஒருமுறை ஒரு அப்பத்தாவிடம், "எல்லாப் பக்கமும் கலர் அப்பத்தா, படம் வரைஞ்சவருக்கும் காசு குடுக்கணும்ல" என்றேன். "அப்ப ஒனக்கு?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு இரண்டாக வாங்கிக்கொண்டார், மகள் வீட்டுப் பேத்திக்கும் சேர்த்து. பேரம் பேசினால் பத்து ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள், முகத்தைச் சுளிக்காமல். கூட்டத்தில் நெட்வொர்க் படுத்துவிடும், அதனால் க்யூஆர் அட்டையோடு பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாகச் சில்லறையும் வேண்டும்.

கையெழுத்துப் போடும்போது பெயரைப் பிள்ளையிடமே கேளுங்கள். அம்மா முழுப் பெயரையும் இனிஷியலோடு சொல்லுவார், பிள்ளை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லும், அதையே எழுதுங்கள். ஊர், தேதி சேர்த்து எழுதுங்கள். ஸ்ரீயா சிறீயா, ஷவா சவா என்று முதலில் துண்டுத்தாளில் எழுதிக் காட்டிவிட்டு அப்புறம் புத்தகத்தில் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது.

படம் எடுப்பதாக இருந்தால் பெற்றோரைக் கேட்டுவிட்டு எடுங்கள், பிள்ளைகளின் முகத்தை அப்படியே ஸ்டேட்டஸில் போட வேண்டாம். நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போன் நம்பர் வாங்குவதும் எனக்குப் பிடிக்காத வேலை. பக்க அடையாள அட்டையில் உங்கள் நம்பரை அச்சடித்து, வாங்காதவர்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். பின்பக்கம் வண்ணம் தீட்ட ஒரு படம் இருந்தால் அது வீடு வரைக்கும் போகும், வெறும் விளம்பரமாக இருந்தால் வாசல் வரைக்கும்தான்.

முடிந்ததும் அந்தத் தெருப்பிள்ளைகள் போகிற நூலகத்துக்கோ பள்ளிக்கோ ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வருடமும் அதே தெருவுக்குப் போங்கள். விற்பனையைப் பார்த்தால் புதுத் தெருதான் லாபம், ஆனால் போன முறை கேட்ட பிள்ளைகள் யானை கிணற்றை எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே "தொபுக்கடீர்" என்று கத்துவார்கள், புதுசாக வந்த பிள்ளைகளுக்கு அவர்களே மீதியைச் சொல்லிவிடுவார்கள். கொலுவும் நூலக வாரமும் மழைக்காலத்தில் வருகின்றன, பெட்டியை மூட ஒரு தார்ப்பாய் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.