திகில் கதை எழுதுகிறவர்களே, அந்தக் கதவைத் திறக்காதீர்கள்

புதிதாக எழுத வருகிறவர்களின் திகில் சிறுகதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது கொஞ்ச காலமாக என் வழக்கம். எழுத்துப்பிழை, தேவையில்லாத நீளம், இடி மழையோடு தொடங்குவது இதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். என்னை உறுத்துவது வேறு. பழைய ஆங்கிலத் திகில் கதைகளை ஆசையாகப் படித்துவிட்டு, அதில் எதைக் கற்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு வருகிறார்கள், நாங்களெல்லாம் ஆரம்பத்தில் செய்த மாதிரியே.

கடைசியில் பிணத்தைக் காட்டுவது

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-ல் எழுதிய 'குரங்கின் பாதம்' கதையைத் தழுவி ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். கிராமம், தாயத்து, மூன்று வரம், எல்லாம் நன்றாகவே பொருந்தியிருந்தது. முடிவில் அம்மா கதவைத் திறக்கிறாள், செத்த மகன் நிற்கிறான், அப்புறம் அரைப் பக்கத்துக்குப் புழுவும் அழுகலும். "இப்பதான் சார் பயமா இருக்கு" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அதுவரை அவர் பட்ட பாடு முழுவதும் அந்த அரைப் பக்கத்தில் போய்விட்டது.

ஜேக்கப்ஸ் என்ன செய்கிறார் என்று நிதானமாகப் பாருங்கள். மூன்று வரம் தரும் ஒரு குரங்கின் பாதம் வைட் தம்பதியிடம் வந்து சேர்கிறது, அப்பா முதல் வரமாக 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள் மகன் ஹெர்பர்ட் வேலை செய்யும் இடத்திலிருந்து ஆள் வருகிறார்: இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான், நஷ்டஈடு 200 பவுண்டு. சில நாள் கழித்து அம்மா, அவனைத் திரும்ப வரச்சொல்லிக் கேள் என்று கணவனை நச்சரிக்கிறாள். அவர் தயங்குகிறார். செத்துப் பத்து நாள் ஆகிறது, அதோடு அவனை உடுப்பை வைத்துத்தான் என்னால் அடையாளம் காண முடிந்தது என்கிறார். அவன் உடல் எப்படி இருந்தது என்பதற்கு ஜேக்கப்ஸ் நமக்குத் தருவது ஏறக்குறைய இவ்வளவுதான். கடைசியில் அப்பா அந்த இரண்டாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். மீதியெல்லாம் சத்தம். கதவு தட்டப்படுகிறது, சங்கிலி கழல்கிறது, கீழ்த் தாழ்ப்பாள் விலகுகிறது, மேல் தாழ்ப்பாள் எட்டாததால் அம்மா நாற்காலியை இழுத்துப் போடுகிறாள், மாடியில் அப்பா இருட்டில் தரையைத் துழாவி அந்தப் பாதத்தைத் தேடுகிறார். கிடைத்ததும் மூன்றாவது வரத்தைக் கேட்கிறார். என்ன கேட்டார் என்றுகூடக் கதையில் இல்லை. கதவு திறக்கும்போது வெளியே வெறும் தெரு.

வாசலில் நிற்பது அம்மாவுக்குப் பிள்ளை, அப்பாவுக்குப் பயங்கரம், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, நாம் எந்தப் பக்கமும் சாய முடியாமல் தவிக்கிறோம். அந்தக் கதையின் பயம் இதில்தான் இருக்கிறது. பிணத்தைக் காட்டிய உடனே அப்பா சொன்னதுதான் சரி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள், பாவம் அந்த அம்மா வெறும் முட்டாளாகிவிடுகிறாள். எல்லாமே தற்செயலாக இருக்கலாமோ, தட்டியது வேறு யாரோவோ என்ற சந்தேகத்தை ஜேக்கப்ஸ் கடைசிவரை அணையாமல் வைத்திருக்கிறார். அதையும் இழக்கிறீர்கள்.

ஆங்கிலப் பேய்க்கதை எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ் பேயைக் காட்டுகிறாரே என்று உடனே கேட்பார்கள். காட்டுகிறார்தான். 1904-ல் வந்த அவருடைய முதல் பேய்க்கதைத் தொகுப்பில், பாழடைந்த இடத்தில் கிடைத்த ஊதலை ஒரு பேராசிரியர் ஊதிவிடுகிற கதை இருக்கிறது. அதில் எழுந்து வருவது அவர் அறையின் காலிக் கட்டிலில் கிடந்த படுக்கை விரிப்பு. முகம் கசங்கிய துணியாக இருந்தது என்பதோடு சரி. அதற்குமுன் பக்கம் பக்கமாக அந்த மனிதரின் விடுதி, நடை, கோல்ஃப் என்று நம்மைப் பழக்கிவிட்டிருக்கிறார். அந்தப் பொறுமை இல்லாமல் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி?

லவ்கிராஃப்டின் அடைமொழிகள்

'விவரிக்க முடியாத', 'பெயரற்ற' என்று அடுக்குவதுதான் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் பாணி என்று நினைத்துவிடுகிறார்கள். 1928-ல் வெளியான 'கதுலுவின் அழைப்பு' கதையைத் தாங்கி நிற்பது ஒரு செய்தித்தாள் துணுக்கு, ஒரு போலீஸ் அதிகாரியின் அனுபவம், ஒரு மாலுமி எழுதிவைத்த குறிப்பு. அந்த ஆவணங்களை எப்படிக் கோக்கிறார் என்று படியுங்கள்.

போவின் 'நான்'

கதையில் 'நான்' என்று பேசுகிறவன் எழுதிய எட்கர் ஆலன் போ அல்ல. 1843-ல் வந்த இதயத் துடிப்புக் கதையில் தனக்குப் பைத்தியம் இல்லை என்று சத்தியம் செய்கிறவனை நம்பாதீர்கள்.

முன்னுரை

பழைய கதைத் தொகுப்புகளின் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முடிவைச் சொல்லிவிடும்.

வாய்விட்டுப் படிக்காமல் இருப்பது

ஜேம்ஸ் தன் கதைகள் பலவற்றைக் கேம்பிரிட்ஜில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியவர். நீங்களும் யாரையாவது உட்காரவைத்து, விளக்கைக் குறைத்து, உங்கள் கதையை வாசியுங்கள். உங்களுக்கே எந்த வரியை வேகமாகத் தாண்டத் தோன்றுகிறதோ அதை முதலில் வெட்டுங்கள். பெரும்பாலும் அது அந்த அரைப் பக்கத்தில்தான் இருக்கும்.